தட்டு பச்சை

மே 12

புத்தகப் பிரிவு ஆசிரியருக்கு,

என் கதையில் பச்சையாக இருந்த தட்டை நீங்கள் நீலமாக்கிவிட்டீர்கள். முப்பத்துநாலு இடத்தில். என்னைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே, உங்கள் தளத்தில் என் கதைக்குக் கீழே வாசகர்கள் எழுதியிருந்த கமெண்ட் அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டீர்கள். அதற்கும் கேட்கவில்லை. இரண்டும் குற்றம். எது பெரிய குற்றம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முப்பத்தொன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதெல்லாம் லிஃப்டோடு வரும் கையேடுகளையும் பழைய பேப்பர் கடையில் எடை போட வைத்திருந்த புத்தகங்களையும் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. 'எட்டு மாடி' என்ற கதையைப் போனில் ஒரே விரலால் அடித்து, வாரம் ஒரு அத்தியாயமாக, தொண்ணூறு செவ்வாய்க்கிழமை உங்கள் தளத்தில் போட்டேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நீங்களாகத்தான் வந்து, இப்போது நாங்கள் அச்சுப் புத்தகமும் போடுகிறோம், உங்கள் கதையைக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கொடுத்தேன்.

மார்ச் ஒன்றாம் தேதி மாலை தளத்தைத் திறந்தால் கதை இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர், போன் நல்லாத்தான் இருக்கு, உங்க கதையைத்தான் காணோம் என்றார். உங்களுக்கு எட்டு முறை புகார் எழுதினேன். எட்டு முறையும் ஒரே பதில் வந்தது. மனிதன் எழுதிய பதில் மாதிரித் தெரியவில்லை.

நேற்று புத்தகம் வந்தது. ஐந்து பிரதி. உள்பக்கத்தில் பதிப்பாசிரியர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. நீ என் தங்கையின் மகள். அது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இது உறவைச் சொல்லி எழுதும் கடிதம் இல்லை.

ஆறாவது அத்தியாயத்தில் தட்டு நீலம். ஏழாவதிலிருந்து பச்சை. நான் அப்படித்தான் எழுதினேன், அப்படித்தான் இருக்க வேண்டும். கமெண்ட்டுகள் திரும்ப வர வேண்டும். பதிலைத் தாளில் எழுது. போனில் வருவதை இனி நான் நம்புவதாக இல்லை. தாளை அழிக்க நெருப்பாவது வேண்டும்.

எட்டு மாடி எழுதியவன்


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

தாளில் கேட்டீர்கள், தாளில் எழுதுகிறேன். அலுவலகத் தாளில் டைப் செய்திருப்பதற்குக் கோபப்பட வேண்டாம். இங்கே கோப்பில் ஒரு நகல் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தொழிற்சாலை வாசலில் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டோடு அண்ணனும் தங்கையும் காத்து நிற்கும் இடம், ஆறாவது அத்தியாயம். அதில் நீல எனாமல் தட்டு. அடுத்த வாரம் அதே தட்டு பச்சை. கடைசி அத்தியாயம் வரை பச்சை. வாரா வாரம் எழுதும் கதைகளில் இப்படி நடக்கும். எழுதுபவருக்குப் போன வாரம் எழுதியது மறந்துவிடும். புத்தகமாகக் கையில் எடுத்து ஒரே மூச்சில் படிக்கிறவர் கண்ணில் அது உறுத்தும். யாருக்குக் கண் பச்சை, யார் வீடு எத்தனையாவது மாடி என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்துச் சரிபார்ப்பதுதான் என் வேலை. முதலில் வந்தது எதுவோ அதையே வைத்துக்கொள்வது வழக்கம். நீலம் முதலில் வந்தது.

கமெண்ட்டுகள் அச்சுப் புத்தகத்தில் வருவதில்லை. எந்த எழுத்தாளரும் அதைக் கேட்டதில்லை. புத்தகம் வரும்போது கதையைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது. கதை போனால் கீழே இருப்பதும் போய்விடும். அந்தப் பக்கத்தின் அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

இனி எழுதுவது கோப்புக்கு இல்லை. நகலில் இதை வெட்டிவிடுவேன்.

உங்கள் கதையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எழுதுபவர் யார் என்று தெரிந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "போடு. ஆனா இதுல என் பேச்சை எடுக்காதே" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் பேச்சே இல்லை, அதனால் அந்த 'போடு' எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

ஜனவரி ஐந்தாம் தேதி அம்மா போனாள். பத்து நாள் கழித்து உங்களுக்கு ஒரு வரி அனுப்பினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். 'என் சாவுக்குக்கூட எங்க அண்ணன் வரக் கூடாது' என்று அவள் ஒருமுறை சொன்னது என் காதில் இருந்தது. சொன்னபடி செய்தேன். நீங்கள் பதிலுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. நாலு மாதம் கழித்து, ஒரு தட்டின் நிறத்துக்காக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை மகள்


மே 27

வக்கீலுக்கு,

ஐந்து வயதில் உனக்கு நான் வைத்த பெயர். உன் கடிதத்தைப் படித்ததும் அதுதான் வாயில் வந்தது. நாலாவது பக்கம், கையெழுத்து, நகல். சாட்சி மட்டும்தான் பாக்கி.

நாலாவது பக்கத்தை நான் படிக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் படிக்கவில்லை. அம்பு போட்டுக் காட்டியிருந்த இடத்தில் எல்லாம் போட்டேன். ஆனால் அதனால் நீங்கள் செய்தது நியாயம் ஆகிவிடாது. லிஃப்டுக்குள் 'எட்டுப் பேருக்கு மேல் ஏறாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டால் மெக்கானிக் கயிற்றைப் பார்க்காமல் இருந்துவிடலாமா?

ஐந்து பிரதியிலும் பச்சைப் பேனாவால் திருத்திவிட்டேன். நூற்றெழுபது இடம். இரண்டு நாள் ஆனது. ஒரு பிரதியை இதோடு அனுப்புகிறேன். உன் பட்டியலோடு வைத்துப் பார்.

நான் எதுவும் மறந்துபோய் எழுதவில்லை. நிறம் மாறியது எப்படி என்று கேள். ஆறாவது அத்தியாயம் போட்ட அன்று மாலை கீழே ஒரு கமெண்ட். முதல் ஐந்து வாரமும் யாரும் எழுதவில்லை, அதனால் பெரிதாகத் தெரிந்தது. 'சும்மா வந்தவள்' என்று பெயர் போட்டு ஒருத்தி இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள்.

'தட்டு பச்சை.'

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தட்டைப் பார்த்தவர்கள் உலகத்தில் நாலு பேர். அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவன் நான். நான் நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதும் அதன் விளிம்பில் பச்சை பெயர்ந்து கருப்புத் தெரியும் இடம்கூடக் கண்ணுக்கு வந்துவிட்டது.

ஆறாவதைத் திருத்தவில்லை. தப்பு செய்தால் செய்ததுதான், அது கிடக்கட்டும். ஏழாவதில் பச்சை என்று எழுதினேன். அவளுக்கு அது புரியும். புரிந்தது. அடுத்த செவ்வாயும் வந்தாள்.

எண்பது வாரம் வந்தாள். நாலு மணிக்கு நான் போடுவேன், நாலரைக்குள் வந்துவிடும். எப்போதும் ஒரு வரி, இரண்டு வரி. வெள்ளத்தில் அண்ணன் தங்கையைத் தூக்கிக்கொண்டு போனான் என்று எழுதினேன். 'அவன் தூக்கவில்லை. அவன் காலில் கட்டு. அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு போனாள்' என்று வந்தது. ஓர் அத்தியாயத்துக்கு 'இவ்வளவு நல்லவனா அவன்?' என்று மட்டும். ஒன்றுக்கு 'சிரித்தேன்' என்று. நடுவில் கயிறு சிக்கி, லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் இரண்டு மணி நேரம் தொங்கியதை எழுதினேன். அது நிஜமாக எனக்கு நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. 'அன்றைக்கு ஏன் வீட்டில் சொல்லவில்லை?' என்று கேட்டாள். நான் அதற்கும் பதில் எழுதவில்லை. அவளுக்குக் கீழே நான் ஒரு தடவைகூடப் பதில் எழுதியதில்லை. பதில் எல்லாம் அடுத்த வாரத்து அத்தியாயத்தில் இருக்கும்.

நேரில் பேசிக்கொள்ள எங்கள் இருவருக்கும் வாய் வராது. அது உனக்குத் தெரியும். இது பேச்சு. ஓர் ஆள் பேசியதை மட்டும் அச்சடித்துவிட்டு, மற்ற ஆள் பேசியதைத் துடைத்துப் போட்டுவிட்டு, அதைப் புத்தகம் என்கிறாய்.

உன் வரி வந்த பிறகு பதில் ஏன் எழுதவில்லை என்கிறாய். ஜனவரி பதினைந்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை தினமும் மாலை உட்கார்ந்து அவள் எழுதியதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு துக்கம் கொண்டாடத் தெரியவில்லை. மார்ச் ஒன்றாம் தேதி அதையும் எடுத்துவிட்டாய்.

சும்மா வந்தவள் உன் அம்மா.

மாமா


ஜூன் 6

மாமா,

இது கையால் எழுதுவது. நகல் கிடையாது.

கதையை நீக்கும் வேலை என்னுடையது இல்லை. அதற்குத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அன்றைக்கு அந்த ஆள் விடுப்பு. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார்கள். நானே செய்தேன். திரையில் 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். இன்னொரு தடவை கேட்டது. இன்னொரு தடவை அழுத்தினேன். பிறகு காபி குடிக்கப் போனேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அந்தப் பிரிவுக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் நல்லவர், மூன்று நாள் தேடிப் பார்த்தார். முப்பது நாளுக்குப் பிறகு மிச்சம் எதுவும் வைப்பதில்லையாம். "அப்படித்தான் கட்டியிருக்கோம்" என்றார்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

எண்பத்தெட்டாவது அத்தியாயம். ஆஸ்பத்திரியில் வைத்து அம்மாவின் ஆபரேஷனுக்குத் தங்கைக்காரி கையெழுத்துப் போடுவாள். தாளைப் படிக்காமல் போடுவாள். கிழவி எழுந்திருக்க மாட்டாள். அது உங்கள் வீட்டுக் கதை என்று எனக்கும் தெரியும், நான் அந்த வராந்தாவில் நின்றிருக்கிறேன். நீங்கள் எல்லார் முன்னாலும் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம்.

டிசம்பர் பதினாலாம் தேதி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலைக்குள் கட்டி. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதாம் தேதி மாலை எண்பத்தெட்டு வந்தது. நான் படிப்பதைப் பார்த்து, "சத்தமாப் படி" என்றாள். எனக்கு யோசனையாக இருந்தது. படிக்காமல் பாதியை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் விடவில்லை. முழுக்கப் படித்தேன். கையெழுத்து வரும் இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு சொன்னாள்:

"படிச்சுட்டுத்தான் போட்டா. மூணு தடவை. அதைச் சொல்லு."

யாரிடம் சொல்ல என்று நான் கேட்கவில்லை. கதையில் தப்பு இருக்கிறது, திருத்து என்கிறாள் என்று நினைத்தேன். பட்டியலில் குறித்துக்கூட வைத்தேன். எழுத்தாளரின் விருப்பம் என்று பிறகு அடித்துவிட்டேன். என் போனைக் கொடு, இரண்டு வார்த்தை அடிக்க வேண்டும் என்றாள். கையில் ஊசி ஏற்றியிருந்தது. "நாளைக்கு அடிக்கலாம்மா, இப்ப தூங்கு" என்றேன்.

"நாளைக்குப் புதன்கிழமையாச்சே" என்றாள்.

நாள் கிழமை குழம்புகிறது என்று நர்ஸிடம் போய்ச் சொன்னேன். வியாழக்கிழமை பேச்சு நின்றுவிட்டது.

போனைக் கொடுத்திருக்கலாம். இதை எழுதும்போது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் உங்களையும் விட முடியவில்லை. அவள் இரண்டு வாரமாக வராததற்கு நீங்கள் எழுதிய தண்டனைதானே அது? அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள் என்று மூன்று லட்சம் பேருக்குச் சொன்னீர்கள். நாலு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் போட்டது யார், மாமா?


ஜூன் 28

மருமகளுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன்.

நீ கேட்டது சரி. அவள் வாயைக் கிளறத்தான் எழுதினேன். எண்பத்தைந்துக்கு அவள் எழுதியது இது: 'கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆனாலும் படித்தேன்.' அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் வரவில்லை. சலித்துவிட்டாள், கண்ணைச் சாக்குச் சொல்லி நழுவுகிறாள் என்று நினைத்தேன். உன்னிடம் கண்ணைப் பற்றிச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். என்னிடம் சொன்னாள். நான் அதற்குக் கோபித்துக்கொண்டேன். சண்டைக்காவது வரட்டும் என்று எண்பத்தெட்டை எழுதினேன். நாலரை வரை பார்த்தேன். ஐந்து மணி வரை பார்த்தேன்.

இனிமேல் எழுதுவது நான் யாரிடமும் சொல்லாதது. அவளும் சொல்லவில்லை என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தாளை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். மூத்தவர் யார், அவர் போடட்டும் என்றார்கள். பேனாவை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. "லிஃப்ட் சத்தம் சரியில்லை, பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாக் கோடிக்குப் போய்விட்டேன். லிஃப்ட் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. அது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. இருபது நிமிஷம் நின்றேன்.

அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக அவள் தெரிந்தாள். ஜன்னல் ஓரம் நின்று விரலை வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தாள். திரும்பவும். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு போட்டாள்.

மூன்று தடவை என்று எனக்குத் தெரியும். நான் எண்ணினேன்.

எல்லாம் முடிந்த பிறகு, படிக்காமல் கையெழுத்துப் போட்டு அம்மாவைக் கொன்றுவிட்டாய் என்று சொன்னேன். அவள் அப்போதே லிஃப்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

கதையில் பொய் எழுதலாம். நான் மறந்துபோய் எழுதவில்லை. தெரிந்தே எழுதினேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை.


ஜூலை 2

மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை கிழிக்க எடுத்தேன். கிழிக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அதில் அம்மா ஜன்னல் ஓரம் நின்று படிக்கிறாள். அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அவள் போனை இத்தனை நாள் அணைத்தே வைத்திருந்தேன். நேற்று சார்ஜ் போட்டேன். 'சும்மா வந்தவள்' கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அவள் எழுதியதெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும். எண்பது வரி இருக்கிறது. எண்பதிலும் 'இந்தப் படைப்பு நீக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் தேதியும் மணியும் மட்டும் மிச்சம். செவ்வாய் 4.12. செவ்வாய் 4.09. செவ்வாய் 4.20. தேதியை எல்லாம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்க மாட்டாள். தூங்குகிறாள் என்று நினைப்பேன். ஒரு தடவை திட்டியிருக்கிறேன்.

புத்தகம் நன்றாகப் போகிறது. ஆகஸ்டில் இரண்டாம் பதிப்பு. திருத்தம் இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். எண்பத்தெட்டை எடுத்துவிடலாம், அல்லது நீங்கள் மாற்றி எழுதித் தரலாம். எனக்கு இரண்டும் சம்மதம். பச்சையை நானே மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று. இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அம்மா இருந்த கட்டடத்தில், இப்போது நான் இருக்கிறேன், லிஃப்ட் மூன்றாவது மாடி வரும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "அதைப் பார்க்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். அவன் வர மாட்டான்" என்பாள். வேறு ஆளைக் கூப்பிட விடவே இல்லை. கடைசி வரை படியில்தான் ஏறினாள்.


ஜூலை 6

மருமகளுக்கு,

யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். இதில் பேரம் கிடையாது.

எண்பத்தெட்டை யாரும் தொடக் கூடாது. எடுக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. நான் எழுதியது நான் எழுதியபடியே நிற்க வேண்டும். நல்லவனாக மாற்றி எழுதிக்கொண்டு தப்பித்துப் போக நான் தயாராக இல்லை. ஆனால் அது முடிந்ததும் ஒரு வரி இடம் விட்டு, 'படிச்சுட்டுத்தான் போட்டா. மூணு தடவை.' என்று போட்டு, கீழே 'சும்மா வந்தவள்' என்று போட வேண்டும். அவள் சொன்னபடி, பேச்சு மொழியிலேயே. விளக்கம் எதுவும் வேண்டாம். இதைச் செய்ய வேண்டியது நீ.

ஆறாவது அத்தியாயத்தில் தட்டு நீலமாகவே இருக்கட்டும். அதன் அடியில் 'தட்டு பச்சை.' ஏழிலிருந்து பச்சை. இதுவும் நீ. உன் பட்டியலில் இந்தத் தட்டுக்கு இரண்டு நிறம் என்று எழுதிக்கொள்.

அவள் வரிகள் என் வரிகள் இருக்கும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். பொடி எழுத்தில் போட்டு மூலையில் தள்ளக் கூடாது. அது அச்சகத்துக்காரர் செய்ய வேண்டியது. அவரிடம் சொல்ல வேண்டியது நீ.

இந்தக் கதை முதலில் தளத்தில் வந்தது, அங்கே வாசகர்கள் பேசினார்கள், அந்தப் பேச்சு இப்போது இல்லை, அதை நீக்கியது நாங்கள் என்று முதல் பக்கத்தில் நிறுவனம் எழுத வேண்டும். மழுப்பக் கூடாது. 'நாங்கள்' என்ற சொல் இருக்க வேண்டும். உன் பெயர் அங்கே வர வேண்டாம். நீ செய்தது எனக்கும் உனக்கும் தெரியும், அது போதும்.

அந்தத் தொழில்நுட்ப ஆள், நல்லவர் என்று எழுதியிருந்தாயே, அவர் இனி எந்தக் கதையை நீக்கினாலும் கீழே இருப்பதை எழுதியவர்களுக்கு ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அப்படிக் கட்டவில்லை என்றால் இப்போது கட்டட்டும். கட்டியதை மாற்றவே முடியாது என்று மெக்கானிக்கிடம் யாரும் சொல்லக் கூடாது.

எண்பதில் அறுபத்தொன்று எனக்கு நினைவிருக்கிறது. சொல் மாறாமல் இருக்கிறது. நீ அனுப்பிய தேதிகளுக்கு நேராக எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வரவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன், வரவில்லை. அந்த இடங்களில் நானாக எதையும் எழுத மாட்டேன். தேதியும் மணியும் போட்டு வெறுமையாக விடுவேன். அவற்றையும் சேர்த்து எண்பதும் கதையில் அந்தந்த இடத்தில் வர வேண்டும். பத்தொன்பது இடத்திலும் வெறும் செவ்வாய்க்கிழமை இருக்கட்டும். எழுதித் தர வேண்டியது நான். இருபதாம் தேதிக்குள்.

அவள் போனை அணைக்காமல் வைத்திருக்க வேண்டியது நீ.

பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நாலு மணிக்கு நான் அங்கே வருவேன். மூன்றாவது மாடியில் குலுங்குகிறது என்றால் பக்கத் தண்டவாளத்தைப் பிடித்து ஓடும் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது அந்த இடத்தில் தண்டவாள இணைப்பு ஒரு நூல் விலகியிருக்கும். இரண்டுமே அரை மணி நேர வேலை. பார்க்க வேண்டியது நான். பையை நானே கொண்டுவருகிறேன். மேல் மாடி இயந்திர அறைச் சாவியைக் காவலாளியிடம் முன்பே வாங்கி வைக்க வேண்டியது நீ. வேலை முடியும் வரை யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது என்று கீழே ஒரு தாள் எழுதி ஒட்ட வேண்டியதும் நீதான். பெரிய எழுத்தில் எழுது.

மாமா